பெயருக்கு முன்னால் ஒரு காலிக் கட்டம்

போன மாதம் ஷபானா போன் செய்தாள். பழவேற்காடு கடைத்தெருவில் நான் காலமெல்லாம் உட்கார்ந்து மனு அடித்த கம்ப்யூட்டர் சென்டரை இப்போது அவள்தான் நடத்துகிறாள். என் முதலாளி கரீம் பாயின் தம்பி மகள். கெட்டிக்காரி. எதையும் இரண்டு தரம் செய்யப் பொறுக்காது அவளுக்கு.

"அக்கா, மனு ஷீட்ல எல்லாக் கட்டமும் தானா ரொம்புது. பேருக்கு முன்னாடி கீற கட்டம் மட்டும் காலியாவே கீது. ஒவ்வொரு வாட்டியும் கையால அடிக்க வேண்டிதா போவுது. அதையும் தானா வர்ற மாதிரி வச்சிடட்டுமா?"

"வைக்காத."

"ஏன்க்கா?"

"வைக்காதன்னா வைக்காத" என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். ஆனால் பாவம், அந்தப் பெண் என்ன தப்பாகக் கேட்டுவிட்டாள்? அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருக்கும் குப்பத்தில். நைனாவுக்குக் கருவாட்டு வியாபாரம். பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய்த் தட்டச்சில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தேன். கருவாட்டுக்காரர் மகள் தொட்டால் மெஷின் துருப்பிடிக்கும் என்று கூடப் படித்தவர்கள் கேலி பேசினார்கள். அவர்களில் எத்தனை பேர் பாஸ் செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. பாஸ் செய்த கையோடு கரீம் பாயிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது கடையில் இருந்தது டைப்ரைட்டர். கம்ப்யூட்டர் பிறகுதான் வந்தது.

பாய் இளவயதில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தவர். குரலை உயர்த்தவே மாட்டார். சாதாரணமாக என்னை "யம்மா" என்பார். "தனலட்சுமி" என்று முழுப்பெயரும் வந்தால் எங்கோ தப்புச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அந்த முழுப்பெயரை நான் தினமும் கேட்டேன். டைப்ரைட்டர் பழக்கத்தில் ஸ்பேஸ் பொத்தானைத் தட்டித் தட்டியே வரியை நடுவுக்குத் தள்ளுவேன், அதனால்.

"தனலட்சுமி, இந்த மெஷின்ல பாக்கறப்ப நேராத்தான் தெரியும். அடுத்தவன் மெஷின்ல தொறந்தா ஒவ்வொரு வரியும் ஒரு பக்கமா ஓடிப்போய் நிக்கும். நடுவுல நிறுத்தறதுக்குன்னு ஒரு பொத்தான் வச்சிருக்கான். அதுக்கு வேலை குடு."

பழைய எழுத்துருவில் அடித்து மெயிலில் அனுப்பிய ஒரு மனுவைத் தாலுகா அலுவலகத்தில் திறந்தபோது தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியுமாக நாலு பக்கம். "எந்த ஊர் பாஷைம்மா இது?" என்று அங்கே கேட்டார்கள். அன்றைக்கே பாய் எல்லாக் கணினியிலும் திறக்கிற யூனிகோடுக்கு மாறச் சொன்னார். கோப்புக்குப் பெயர் வைப்பதிலும் அப்படித்தான். நான் 'மனு', 'புது மனு', 'கடைசி மனு', 'நிஜமான கடைசி மனு' என்று வைத்திருந்ததைப் பார்த்து, "இதுக்கு அப்புறம் இன்னா வைப்பே, 'மவுத்தான மனு'வா?" என்றார். அதற்குப் பிறகு ஆள் பெயர், ஊர், விஷயம், தேதி இல்லாமல் எதையும் சேமித்ததில்லை.

அவருடைய முறைகளில் முக்கியமானது ஒன்று. அடித்து முடித்ததும் மனு கொடுப்பவரை எதிரில் உட்காரவைத்து முழுவதையும் வாய்விட்டுப் படிப்பார். அவர் "ஆமா" என்று சொன்ன பிறகுதான் பிரிண்ட். "கண்ணு தப்பத் தாண்டிப் போயிடும் யம்மா. காது தாண்டாது" என்பார். வலை தைக்கிற ஆளும் இறால் விற்கிற பெண்ணும் தங்கள் மனுவைத் தாங்களே கேட்டு, "அங்க அப்டி இல்ல பாய்" என்று திருத்துவார்கள். அவரும் சலிக்காமல் திருத்துவார்.

அப்படியும் ஒரு தரம் மாட்டிக்கொண்டேன். வேலை சுளுவாக இருக்கட்டும் என்று பழைய மனுவையே திறந்து பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன். நாகம்மா என்பவளுடைய மனுவில் மேலே பெயர் மாறியது, உள்ளே இருந்த புருஷன் பெயர் மாறவில்லை. பாய் படிக்கும்போது அவள் வேறு யாரோ ஒருவனுக்கு மனைவியாகிவிட்டாள். நாகம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அக்கா, கட்டினதோட நானே இத்தினி வருஷம் மல்லுக்கட்டிக்கினு கீறேன். புதுசா ஒண்ணு தர்றியா?"

பாய் சிரிக்கவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு ஷீட் தயார் செய்தார். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரிசை. பெயர், தகப்பன் பெயர், புருஷன் பெயர், ஊர் எல்லாம் ஒவ்வொரு கட்டத்தில். எந்த மனுவைத் திறந்தாலும் அந்தக் கட்டங்களிலிருந்து விவரம் தானாக வந்து உட்காரும். ஒரு கட்டத்தைத் திருத்தினால் அந்தக் குடும்பத்தின் எல்லா மனுவிலும் அது திருந்திவிடும். பெயருக்கு முன்னால் வரும் திரு, திருமதி, செல்வி, காலஞ்சென்ற என்பதற்கும் ஒரு கட்டம் வைத்தார். "ஒரே எடத்துல திருத்து, எல்லா எடத்துலயும் திருந்தும்" என்பது அவருக்கு வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. பல வருடம் அது எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

கன்னியம்மா வந்தது அதற்குப் பிறகு.

அவள் புருஷன் ஏகாம்பரம் முகத்துவாரத்தில் போனான். ஏரி கடலில் சேருகிற அந்த வாயில் மணல் அடைத்துக்கொண்டு அலை தாறுமாறாக எழும்பும். படகு புரண்டது. கூட இருந்த இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். ஏகாம்பரம் ஏறவில்லை. உடம்பும் ஒதுங்கவில்லை. தேடாத இடமில்லை, ஆந்திரக் கரை வரைக்கும் ஆள் போய்க் கேட்டுவிட்டு வந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் உடம்பைப் பார்க்காமல் சடங்கு செய்யச் சட்டென்று மனம் ஒப்ப மாட்டார்கள். தண்ணீர் மேல் போனவன் எங்காவது கரையேறியிருப்பான் என்று மனைவி பொட்டோடு காத்திருந்தால், ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும். கன்னியம்மா பொட்டும் வளையலுமாகத்தான் கடைக்கு வந்தாள். கூட அவள் தம்பி முரளி. அவளுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே பெண், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இரண்டு மனு வேண்டியிருந்தது. ஒன்று சர்க்காருக்கு: சம்பாதிக்கிற ஆள் கடலோடு போய்விட்டான், குடும்பத்துக்கு உதவி செய்யுங்கள் என்று. இன்னொன்று அவள் குப்பத்துப் பெரியவர்களுக்கு. அது பாடு பற்றியது.

பாடு என்றால் அகராதி கஷ்டம் என்று சொல்லும். எங்களுக்கு அதுதான் சோறு. ஏரியில் இறால் ஓடுகிற இடங்களில் எந்த நாளில் எவர் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைக்கும். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. ஆள் செத்து, ஆண் வாரிசும் இல்லையென்றால் அவன் பெயர் சீட்டிலிருந்து எடுபடும். மற்றவர்களுக்கு முறை சீக்கிரம் வரும். ஆகவே ஏகாம்பரம் சாகவில்லை என்பதில்தான் கன்னியம்மா வீட்டு அடுப்பு எரிந்தது. அவன் பெயரில் முறை வருகிற நாளில் முரளி போய் வலை கட்டினான்.

"அவர் வந்து சேர்ற வரைக்கும் எந்தம்பி அவர் பாட்டுல எறங்கணும். அப்டியே எழுது பாய்" என்றாள்.

பாய் அப்படியே அடித்தார். 'என் கணவர் திரு. ஏகாம்பரம் அவர்கள் கடலிலிருந்து வந்து சேரும்வரை அவருடைய பாட்டில் என் தம்பி இறங்க ஊர்ப் பெரியவர்கள் அனுமதிக்க வேண்டும்.' படித்துக் காட்டினார். "வந்து சேரும்வரை" என்ற இடத்தில் அவள் தலையை ஆட்டினாள். "ஆமா" என்றாள்.

சர்க்கார் மனு சீக்கிரமே திரும்பிவிட்டது. திரு என்று போட்டால் இந்தத் திட்டத்தில் வராது, இது இறந்தவர் குடும்பத்துக்கு, காலஞ்சென்ற என்று போட்டுக் கொண்டுவாருங்கள் என்று அங்கே இருந்தவர் சொல்லிவிட்டாராம். கன்னியம்மா வெகுநேரம் கடை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து பாயிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"ஆபீசு காயிதத்துல மட்டும் போடு. வேற எங்கியும் வேணாம்."

பாய் ஷீட்டைத் திறந்தார். ஏகாம்பரத்தின் வரிசையில், பெயருக்கு முன்னால் இருந்த 'திரு.'வை எடுத்துவிட்டுக் 'காலஞ்சென்ற' என்று போட்டார். சர்க்கார் மனுவை மட்டும் பிரிண்ட் எடுத்தார். வேறு எங்கும் அவர் போடவில்லைதான். அந்த வார்த்தை ஷீட்டில் உட்கார்ந்துகொண்டது.

குப்பத்தில் பாட்டுச்சீட்டு போடுகிற நாள் வந்தது. அன்று நான் பிரிண்டர் மை வாங்கப் பொன்னேரிக்குப் போயிருந்தேன். முரளி ஓடிவந்தானாம். படகில் வரும்போது மனு நனைந்து கூழாகிவிட்டது, சாயங்காலம் ஊர்க்கூட்டம், இன்னொரு பிரதி வேண்டும் என்று. பாய் கோப்பைத் திறந்தார். ஏற்கெனவே படித்துக் காட்டி, ஆமா சொல்லி, கையெழுத்துப் போட்ட மனு. மறுபடி படிக்க என்ன இருக்கிறது? பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். முரளிக்குப் படிப்பு வாசனை கம்மி. மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினான். கன்னியம்மா படித்துப் பார்க்காமல் எப்போதும்போலக் கையெழுத்தைக் கிறுக்கினாள்.

கோயில் முன்னால் கூட்டம். குப்பத்தில் படித்த ஒருவர் எழுந்து மனுவை வாசித்தார். 'என் கணவர் காலஞ்சென்ற ஏகாம்பரம் அவர்கள் கடலிலிருந்து வந்து சேரும்வரை...'

யாரோ ஒருவன் சிரித்துவிட்டானாம். ஒருவன் சிரித்தால் நாலு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதானே ஊர். சிரிப்பு அடங்கியதும் மகனுக்குப் புதிதாகக் கல்யாணம் செய்து, அவனுக்கும் பாட்டில் முறை கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார். "பொண்டாட்டியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. இனிமே நாம இன்னாத்துக்குப் பேசிக்கினு கீறது?" என்றார். பெயரை எடுத்துவிட்டார்கள். சீட்டுக் குலுக்கினார்கள்.

அதோடு போயிருந்தால் பாட்டோடு போயிருக்கும். மறுநாள் ஏகாம்பரத்தின் ஆத்தாளும் அக்காவும் நாலைந்து பெண்களோடு கன்னியம்மா வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஊரில் காலஞ்சென்றவன் என்று வாசித்த பிறகு எதற்குப் பொட்டு? அவள் கத்தினாள், கையை உதறினாள், யார் கேட்டார்கள்? வளையலை உடைத்தார்கள். தாலியை எடுத்தார்கள்.

அடுத்த நாள் அவள் கடைக்கு வந்தபோது நான் என் மெஷினில் இருந்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. மணிக்கட்டில் கண்ணாடி கீறிய காயம். உள்ளே வராமல் வாசல்படியில் நின்று பாயைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னா பாய். தண்ணி கொல்லாத ஆள உன் மெஷின் கொன்னுடுச்சே."

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அந்தக் காகிதத்தை நீட்டினாள். நின்றபடியே படித்தார். வாய்விட்டுத்தான் படித்தார், பழக்கம். 'காலஞ்சென்ற' என்ற இடத்தில் குரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மெஷின் தப்பு என்றோ, நீ படித்துப் பார்த்திருக்கலாமே என்றோ அவர் சொல்லவில்லை. "வாம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேரும் படகில் போனோம்.

பெரியவர்கள் பாயை மரியாதையாக உட்காரவைத்தார்கள். "தப்பு என்னுது. அந்தப் பொண்ணு அப்டி எழுதச் சொல்லல. படிச்சுக் காட்டாம குடுத்தவன் நான்" என்றார். ஷீட்டையும் கட்டத்தையும் பற்றி விளக்கிச் சொன்னார். அவர்களுக்கு அது புரியாமல் இல்லை. ஊர்த்தலைவர் நல்ல மனிதர்தான், கையைப் பிசைந்துகொண்டு பதில் சொன்னார்.

"பாய், நீங்க சொன்னா நாங்க நம்பறோம். தப்பு உங்களுதுன்னே வச்சுக்கலாம். ஆனா ஊர் கேட்டுச்சு. சடங்கும் ஆயிப்போச்சு. தாலிய எடுத்தவள மறுபடியும் கட்டிக்கோன்னு நான் எந்த வாயால சொல்றது?"

கன்னியம்மா சற்றுத் தள்ளி மணலில் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

இத்தோடாவது முடிந்ததா? சர்க்கார் மனுவும் திரும்பி வந்தது. காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறீர்கள், இறப்புச் சான்றிதழ் எங்கே என்று. உடம்பு இல்லாமல் சான்றிதழ் கிடையாது. ஏழு வருடம் தகவல் இல்லாமல் போனால்தான் கோர்ட்டுக்குப் போகலாம், அதுவரை அவர் காணாமல் போனவர்தான் என்றார்கள். ஆக ஊருக்கு ஏகாம்பரம் செத்தவன். சர்க்காருக்கு உயிரோடு இருப்பவன். பாட்டுக்கும் இல்லை, உதவிக்கும் இல்லை. கன்னியம்மா பெண்ணைத் தன் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்தக்காரர் வேனில் ஏறிப் பெருக்குகிற வேலைக்குப் போனாள்.

பாய் அன்று படகிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்து ஷீட்டைத் திறந்தார். பெயருக்கு முன்னால் இருந்த கட்டத்தில், எல்லாக் குடும்பத்துக்கும் போட்டிருந்ததை மொத்தமாக அழித்தார். எந்த மனுவிலும் அந்த ஒரு வார்த்தை தானாக வரக் கூடாது. ஒவ்வொரு தரமும் ஆளைக் கேட்டுக் கையால் அடிக்க வேண்டும் என்றார். மறுபிரதியானாலும் படித்துக் காட்டாமல் கொடுக்கக் கூடாது என்றார். அதற்குப் பிறகு யார் வந்தாலும், "பேருக்கு முன்னாடி இன்னா போடட்டும்?" என்று கேட்பார். ஒரு ஆள் கடுப்பாகி, "இன்னா பாய், குத்துக்கல்லாட்டம் முன்னாடி குந்திக்கினு கீறேன், என்னையே கேக்கறியே!" என்றான். பாய் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அந்த ஆள் "திரு" என்று சொன்ன பிறகுதான் விரலை எடுத்துப் பொத்தான்மேல் வைத்தார். ஊரில் பாய்க்கு மறதி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மவுத்தாகும் வரை அவர் கேட்பதை நிறுத்தவில்லை. அவருக்குப் பிறகு கடையைப் பார்த்துக்கொண்ட நான் கேட்டேன்.

ஏழு வருடம் கழித்துக் கன்னியம்மா வந்தாள். நான் ஓய்வுபெறச் சில மாதங்கள் இருந்தன. அவள் தலை நரைத்திருந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் கொடுத்த பச்சைச் சட்டையைப் புடவைமேல் போட்டிருந்தாள். வக்கீல் சொன்னாராம், ஏகாம்பரம் இறந்துவிட்டார் என்று அறிவிக்கச் சொல்லி மனு வேண்டும் என்று. பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது, இந்தக் காகிதம் ஒன்று முடிந்தால் ஏதோ கொஞ்சம் கிடைக்கும் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

ஏகாம்பரத்தின் வரிசை அப்படியே இருந்தது. பெயர் வந்தது, தகப்பன் பெயர் வந்தது, ஊர் வந்தது. காலிக் கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"பேருக்கு முன்னாடி இன்னா போடட்டும் கன்னியம்மா?"

வெளியே பொன்னேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்த ஒரு வார்த்தைய நான் அடிக்கறேன். எது எதுன்னு காட்டு."

காட்டினேன். க. அதற்குப் பக்கத்தில் கால். ல. ஞ-வைத் தேடிப் பிடிக்க நேரமாயிற்று, அதன்மேல் புள்ளி. எங்கள் தட்டச்சு முறையில் செ என்று வரக் கொம்பை முதலில் அடிக்க வேண்டும். "எய்துறப்போ கூட கொம்புதானே மொதல்ல" என்றாள். ன, புள்ளி, ற. ஒவ்வொரு பொத்தானையும் ஒரே விரலால், ஆணி அடிக்கிறவள்போல அழுத்தினாள்.

முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அடிச்சத அழிக்கறது எது?"

காட்டினேன். அந்தப் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அவள் அழுத்தவில்லை. விரலை எடுத்துப் பச்சைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"படி" என்றாள்.

படித்தேன். "ஆமா" என்றாள்.